மஞ்சள் வீட்டின் தரை

பிப்ரவரி 11, செவ்வாய்

ஃபுகோமே வந்து சேர்ந்தாயிற்று. டோகோ நாட்டின் தலைநகரம் லோமேயிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரம். ஒரு பக்கம் அட்லாண்டிக் கடல், மறுபக்கம் காயல், நடுவில் ஊர். ஊரின் அகலத்தை ஒரு சோம்பேறி ஆடு பத்து நிமிடத்தில் கடந்துவிடும். கடந்ததைப் பார்த்தேன்.

முதலாளி பொன்ராஜ் தூத்துக்குடியில் முந்திரி ஆலை வைத்திருக்கிறார். பச்சைக் கொட்டை வாங்க ஆண்டுதோறும் இந்தக் கரைக்கு ஆள் அனுப்புவார். காரைக்காலில் பிரெஞ்சு படித்த குற்றத்துக்காக ஆறு வருடமாக அந்த ஆள் நான்தான். இந்த முறை லோமேயில் கிட்டங்கிகள் எல்லாம் நிரம்பிவிட்டன. நானூறு டன் கொட்டையை ஜூன் வரை போட்டுவைக்க இங்கே ஒரு பழைய வீடு இருக்கிறதாம். அதை அளந்து, தரையைப் பலப்படுத்தி, ஒப்பந்தம் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். ஈரப்பதம் குறிக்கும் நோட்டின் பின்பாதி காலியாகக் கிடக்கிறது, அதனால் இதை எழுதுகிறேன்.

வீட்டுக்காரியின் பெயர் அப்லாவி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். சாலையோரம் சாப்பாட்டுக் கடை நடத்துகிறாள், கடைக்குப் பின்னால் எனக்கு அறை. என் பெயர் மங்கையர்க்கரசி என்றதும் வாய்க்குள் ஒருமுறை உருட்டிப் பார்த்துவிட்டு, "உன்னை மதாம் கஜூன்னு கூப்பிடுறேன் தங்கச்சி" என்றாள். கஜூ என்றால் பிரெஞ்சில் முந்திரி. மாலைக்குள் ஊரே அப்படித்தான் கூப்பிட்டது.

பிப்ரவரி 12

வீடு கடலைப் பார்த்து நிற்கிறது. மஞ்சள் சுவர், உப்பில் அரித்த தூண்கள், வாசலில் ஒரு பலகை: "சுங்க நிலையம், 1921". ஊரில் சரித்திரம் என்று இருப்பது அந்தப் பலகை ஒன்றுதான்.

"என் பாட்டனுக்குப் பாட்டன் கட்டினாரு. வியாபாரி" என்றாள் அப்லாவி. "அப்புறம் ஜெர்மன்காரன் வந்தான். அப்புறம் பிரெஞ்சுக்காரன் வந்தான். எல்லாரும் போயிட்டாங்க. வீடு எங்களுக்கே திரும்பி வந்துருச்சு."

"என்ன வியாபாரம் பண்ணினாரு?"

"பாமாயில்."

அளந்தேன். வெளியே மண்ணிலிருந்து ஜன்னல் ஏழடி உயரத்தில் இருக்கிறது. உள்ளே பலகைத் தரையிலிருந்து மூன்றடி. நடுவில் நாலடி காணாமல் போயிருக்கிறது. கேட்டால், "காத்தோட்டத்துக்கு விட்டது" என்றாள். எதிரே மீன் காய வைக்கிற பெண்ணும் காத்தோட்டத்துக்கு என்றாள். மோட்டார் சைக்கிள் டாக்சிக்காரனும் அதையே சொன்னான். வெளிச்சுவரில் முழங்கால் உயரத்தில் இருந்த துவாரங்களை என்றைக்கோ பூசி அடைத்துவிட்டார்கள். அப்புறம் காற்று எப்படிப் போகும் என்று கேட்டால் எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிடுகிறது.

பிப்ரவரி 14

பொன்ராஜ் சார் பேசினார். "பலகைத் தரை நானூறு டன்னு தாங்காதும்மா. பேத்து எடுத்துட்டு, பள்ளத்துல மண்ணக் கொட்டி, மேல கான்கிரீட் போடச் சொல்லு. பத்து நாள் வேலை."

கொத்தனார் செலோம் வந்தார். ஐம்பது வயது, மெலிந்த உடம்பு, காதில் பென்சில். இந்த வீட்டு வேலைக்கு வேறு ஆளே கூடாது என்று அப்லாவி முன்பே சொல்லிவிட்டாள். அவருடைய அப்பா, தாத்தா எல்லோரும் இங்கேதான் பூசினார்களாம். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். "மண்ணு கொட்டணும்" என்று ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பிப்ரவரி 17, திங்கள்

செலோம் வரவில்லை. சைக்கிள் பழுதாம்.

பிப்ரவரி 18

வரவில்லை. ஒன்றுவிட்ட தம்பிக்குக் காய்ச்சலாம்.

பிப்ரவரி 20

வரவில்லை. அதே தம்பி இறந்துவிட்டதாகச் செய்தி. மத்தியானம் அந்தத் தம்பியே கடைக்கு வந்து இரண்டு தட்டு மீன் குழம்பு சாப்பிட்டான். ஆரோக்கியமாக இருக்கிறான்.

பிப்ரவரி 21

பத்து நாள் வேலையில் ஒரு பலகைகூட அசையவில்லை. நானே ஆரம்பித்துவிடலாம் என்று சரக்கறை அலமாரியை நகர்த்தினேன். அடியில் தரையோடு தரையாக ஒரு மூடி இருந்தது. திறந்து உள்ளே இறங்கினேன். ஈரம் அதிகம்.

பிப்ரவரி 22

வேலை எதுவும் நடக்கவில்லை. தலைவலி. இரண்டு முறை குளித்தேன்.

பிப்ரவரி 24

வேலைக் குறிப்பாகவாவது எழுதிவைக்க வேண்டும்.

நீளம் அறுபத்தைந்தடி, அகலம் முப்பது. உயரம் நாலடி. நிற்க முடியாது. உட்காரலாம், அல்லது படுக்கலாம். தரை மணல். போன வெள்ளி காலை பதினொரு மணிக்குக் கைபேசி வெளிச்சத்தோடு இறங்கினேன். மேலே நல்ல வெயில், உள்ளே அந்த வெளிச்சம் இல்லாவிட்டால் என் கையே தெரியாது. சுவர் முழுக்கச் சிப்பிச் சுண்ணாம்பு, தொட்டால் சொரசொரவென்று தோலைக் கிழிக்கும். ஆனால் மணலிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு மேல் ஒரு பட்டை மட்டும் வழுவழுப்பாக இருந்தது. நான்கு சுவரிலும், ஒரே உயரத்தில், விடாமல் ஓடியது. யாரோ தேய்த்து மெருகு போட்ட மாதிரி. எதற்காக இந்த இடத்தில் மட்டும் தேய்த்தார்கள் என்று யோசித்துக்கொண்டே களைப்பில் உட்கார்ந்தேன். என் முதுகு சரியாக அங்கே போய்ச் சாய்ந்தது.

வெளியே வந்துவிட்டேன். முழங்காலில் சிராய்ப்பு.

ஒரு கிலோ கொட்டையைத் துணிப்பையில் கட்டி உள்ளே வைத்திருக்கிறேன். ஈரம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 25

செலோம் தானாகவே வந்தார். அலமாரி நகர்ந்திருப்பதைப் பார்த்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

"கப்பலுக்குக் காத்திருந்த ஆளுங்க" என்றார். "ஆள் விக்கிறதுக்குத் தடை வந்த பிறகு இங்கிலீஷ்காரன் ரோந்துக் கப்பல் சுத்திக்கிட்டே இருந்தான். அவன் கண்ணுல படக்கூடாதுன்னு தரைக்கு அடியில வெச்சாங்க. மேல நாற்காலி போட்டு விருந்து நடக்கும். அப்புறம் ஜெர்மன்காரன் வந்தான், வரி கட்டாதவங்கள அதுலயே அடைச்சான். பிரெஞ்சுக்காரன் வந்தான், ரோடு வேலையில இருந்து ஓடிப்போனவங்கள அடைச்சான். ஆட்சி மாறினா வாசல்ல பலகை மாறும். உள்ள கதவு அதேதான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் கொள்ளுத்தாத்தாவோட அம்மா அதுக்குள்ள இருந்தா. கப்பல் வரல. மூணு மாசம் கழிச்சு மேல கூட்டிட்டு வந்து சமையல்கட்டுல விட்டாங்க. வடக்கே எந்த ஊரு, என்ன பேரு, ஒண்ணும் எங்களுக்குத் தெரியாது."

பிறகு அவர் சொன்னதுதான் இரண்டு நாளாக என்னைத் தின்கிறது. மழைக்கு முன்னால் ஒவ்வொரு ஆண்டும் கரையான் பார்க்க வேண்டும் என்று அப்லாவி அவருக்குச் சொல்லி அனுப்புவாளாம். இந்த வீட்டில் கரையானே கிடையாது. அவர் ஒரு சுரைக்குடுக்கையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வருவார். அப்லாவி சாவியைக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவாள். அவர் இறங்கி, தண்ணீரை ஊற்றிவிட்டு, மூடிவிட்டுப் போவார். அவள் அம்மா காலத்தில் இவருடைய அப்பா. ஒருவரையொருவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"பூசச் சொல்லுங்க, பூசுறேன். மண்ணைக் கொட்டி மூடச் சொன்னா கை வரல மதாம் கஜூ. அதான் தம்பியைச் சாக அடிச்சேன்."

(இரண்டு நாளாக என்று எழுதியிருக்கிறேன். இன்று காலைதான் சொன்னார்.)

பிப்ரவரி 28

பையை எடுத்துப் பார்த்தேன். வைக்கும்போது ஈரம் எட்டு சதவீதம், இப்போது பதிமூன்று. ஒரு மாதம் வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும்.

மார்ச் 1, சனி

அப்பாவிடம் பேசினேன். ஊரில் எங்கள் வீட்டை மேஸ்திரி வீடு என்பார்கள். கொள்ளுத்தாத்தா காலத்தில் யாரோ கொத்தனாராக இருந்திருப்பார் என்றுதான் இந்த நாற்பத்தொரு வயது வரை நினைத்திருந்தேன். செலோமிடம்கூட, எங்கள் குடும்பமும் உங்கள் தொழில்தான் என்று முதல் நாள் பெருமையடித்தேன். என்ன கட்டினார் என்று சும்மா கேட்டுவைக்கலாமே என்று கூப்பிட்டேன்.

அப்பா திருப்பிக் கேட்டார். "இப்ப எதுக்கும்மா அது?"

"சும்மாதான்."

"கொத்தனாரு இல்லம்மா. கப்பலுக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரி. ரீயூனியன் தீவு இருக்குல்ல, அங்க கரும்புத் தோட்டத்துக்கு. பஞ்சத்துல வந்த சனங்கள்ட்ட கைநாட்டு வாங்கிக்கிட்டு, கப்பல் வர்ற வரைக்கும் நம்ம கொல்லைக் கிட்டங்கியில தங்க வெப்பாங்க. சோறு போட்டுத்தான் வெச்சிருந்தாங்க."

"பூட்டியா வெச்சிருந்தாங்க?"

"அது எனக்கு எப்படித் தெரியும்." கொஞ்சம் கழித்து அவரே சொன்னார். "தாழ்ப்பா வெளிப்பக்கம்தான் இருக்கும்."

அப்புறம் மாதுளைச் செடி காய்த்திருப்பது, எதிர்வீட்டுக்காரர் புதுக் கார் வாங்கியது எல்லாம் பேசினோம். நல்ல பேச்சு. அந்தக் கிட்டங்கியில்தான் நானும் தம்பியும் கண்ணாமூச்சி ஆடுவோம்.

மார்ச் 3

செலோமிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்தால் சாப்பிட்ட மீன்கூடச் செரிக்காது போல இருந்தது. அவர் காயலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டார். கோபம் வரும் என்று நினைத்தேன், சிரித்தார்.

"அதான் அந்த மூடி எங்க இருக்கும்னு உங்க கைக்குத் தெரிஞ்சிருக்கு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரே தண்ணீர் புட்டியை நீட்டினார், குடித்தேன்.

லோமே அருங்காட்சியகத்துக்கு நான் எழுதி வைத்திருந்த கடிதத்தைக் காட்டினேன். படம், அளவு எல்லாம் போட்டு நாலு பக்கம். வாசலில் சரியான பலகை ஒன்று வரும், ஆராய்ச்சி செய்ய ஆள் வருவார்கள் என்றேன். அவர் படித்துவிட்டு நான்காக மடித்து என்னிடமே கொடுத்தார்.

"இந்தக் கரையில ஒரு விதி இருக்கு. ஒருத்தர் எங்கேருந்து வந்தார்னு இன்னொருத்தர் வாயைத் திறந்து சொல்லக்கூடாது. எங்களை மாதிரி குடும்பம் இங்க எத்தனைன்னு நினைக்கிறீங்க? அந்த விதியாலதான் நாங்க இங்க மனுஷங்களா இருக்கோம். பலகை வெச்சா வெள்ளைக்காரன் வந்து போட்டோ எடுத்துட்டுப் போயிடுவான். எம் பொண்ணு இங்கதான் இருக்கணும்."

மகள் ஜிஃபா லோமேயில் தாதியாக இருக்கிறாள். இம்மாதக் கடைசியில் நிச்சயம். மாப்பிள்ளை எல்லைக்கு அந்தப் பக்கம், பெனினில் ஒரு கடற்கரை ஊர். நல்ல குடும்பமாம். நிச்சயத்தன்று எந்த வீடு, எந்தப் பரம்பரை என்றெல்லாம் கேட்பார்களாம்.

"என்ன சொல்லுவீங்க?"

"கொத்தனார் வீடுன்னு சொல்லுவேன். அதுவும் உண்மைதானே."

மார்ச் 6

அப்லாவியிடம், கொட்டை வைக்க வீடு ஏற்றதில்லை என்று மெதுவாக ஆரம்பித்தேன். அவள் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். அரைப்பது நிற்கவில்லை.

"சிமெண்ட் போட்டா ஈரம் ஏறாது."

"போட்டாலும் ஏறும் அக்கா. கீழ மணல், பக்கத்துல கடல்."

"வாடகை பாதி குடு. சிமெண்டை மட்டும் போட்டுட்டுப் போ."

ஏன் என்று கேட்டேன். இப்போது அரைப்பது நின்றது.

"எம் பசங்க ரெண்டு பேரும் பாரிஸ்ல இருக்கானுங்க. எனக்கப்புறம் சாவி அவனுங்களுக்குப் போகும். சாவியோட அந்தக் கதையையும் நான் சொல்லிக் குடுக்கணும். எங்கம்மா எனக்குச் சொன்ன அன்னைக்கு எனக்குப் பதினேழு வயசு. அதுக்கப்புறம் ஒரு நாள்கூட அந்தச் சரக்கறையில நான் கால் வெச்சதில்ல. மூடிட்டா சொல்ல வேண்டியதே இல்லையே தங்கச்சி."

மிளகாயை நான் வாங்கி அரைத்தேன். கை இன்னும் எரிகிறது.

மார்ச் 8

அறிக்கை அனுப்பிவிட்டேன். வீடு பயன்படாது, கான்கிரீட் போட்டாலும் பயன்படாது, காரணம் ஈரப்பதம். அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. உண்மை இவ்வளவு சுருக்கமாகவும் இருக்கலாம் என்பது எனக்குச் சௌகரியமாகத்தான் இருக்கிறது.

பொன்ராஜ் சார் ஒரு மூச்சு ஏசினார். "ஒரு மாசமா அங்க என்ன பண்ணிட்டு இருந்தியாக்கும்? சரி, லோமேல கூட ரெண்டு காசு குடுத்து எடம் பிடிச்சாச்சு. மாசக் கடைசிக்குள்ள வந்து சேரு." ஏசி முடித்து, சாப்பாடெல்லாம் ஒத்துக்கொள்கிறதா என்றும் கேட்டார். நல்ல மனிதர்.

மார்ச் 9

அப்லாவி என்னோடு பேசவில்லை. குழம்பு வந்தது, மீன் வரவில்லை.

மார்ச் 10

குழம்பும் வரவில்லை. மோட்டார் சைக்கிள் டாக்சிக்காரன் இரக்கப்பட்டு இரண்டு வாழைப்பழம் கொடுத்தான்.

மார்ச் 17

லோமேயில் ஒரு வாரம் கொட்டை இறக்கும் வேலை. திரும்பி வந்தால் என் கட்டிலில் ஒரு துணி மடித்து வைத்திருந்தது. ஊதா நிறம், மேலே மஞ்சள் மீன்கள். நிச்சயத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே துணியில் தைத்துப் போட வேண்டுமாம். செலோம் எனக்கும் எடுத்திருக்கிறார்.

"தையல்காரிகிட்ட நாளைக்கே குடுத்துடு" என்று அடுப்படியிலிருந்து அப்லாவியின் குரல் வந்தது. "உன் உடம்புக்கு ரெண்டு கஜம் மிஞ்சும். எனக்குத்தான் பத்தல, மிச்சத்தைக் குடு."

இரண்டு மீன் தலை வைத்துச் சாப்பாடு வந்தது.

மார்ச் 29, சனி

நாளை மறுநாள் கிளம்ப வேண்டும். இன்று நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

செலோமின் முற்றத்தில் பந்தல். அறுபது பிளாஸ்டிக் நாற்காலி, அறுபது பேரும் ஊதாத் துணியில் மஞ்சள் மீன். மாப்பிள்ளை வீட்டார் பச்சைத் துணியில் தட்டுகளோடு வந்து உட்கார்ந்தார்கள். மேளக்காரர்கள் நாலு பேர். மாப்பிள்ளை கண்ணாடி போட்ட பையன், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பயத்தில் தன் பெயரையே இருமுறை சொன்னான்.

அவனுடைய சித்தப்பா பேச எழுந்தார். தலையில் தொப்பி, கையில் கோல். வழக்கப்படி சுற்றி வளைத்துப் பேசினார். வழியில் ஒரு பூவைப் பார்த்தோம், பறிக்க ஆசைப்படுகிறோம், அது எந்த வீட்டுத் தோட்டத்துப் பூ என்று கேட்டார்.

"கொத்தனார் செலோம் வீட்டுப் பூ" என்றார் செலோம்.

"நல்லது. அதுக்கு முன்னாடி?"

"கொத்தனார் கோமி வீட்டுப் பூ."

"நல்லது. அதுக்கும் முன்னாடி?"

செலோமின் கை சட்டைப்பையைத் தடவியது. அங்கே பென்சில் இல்லை, புதுச் சட்டை. அப்போது என் பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. அப்லாவி எழுந்து நின்றாள்.

"என் வீட்டுப் பூ" என்றாள். "கடல் பக்கத்து மஞ்சள் வீடு என்னுது. இவங்க எல்லாம் எங்க வீட்டு ஆளுங்க. பரம்பரையா."

முற்றம் முழுக்க மூச்சு விட்டது. மஞ்சள் வீடு பெரிய வீடு, சித்தப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவர் கோலைத் தரையில் தட்டி முடித்துவைக்கப் போனார்.

"அந்த வீட்டுல எந்த இடம்னும் சொல்லிடுங்க அத்தை."

பேசியது ஜிஃபா. மணப்பெண் பேசவே கூடாத நேரம் அது. அப்லாவி திறந்த வாயை மூடவில்லை. செலோம் மகளின் கையைப் பிடித்தார், அவள் தன் கையை விடுவிக்கவும் இல்லை, பேச்சை நிறுத்தவும் இல்லை.

"தரைக்கு அடியில இருந்து வந்தவங்க நாங்க. விக்கிறதுக்கு வெச்சிருந்த ஆளுங்க. எங்க பாட்டி பேரு எங்களுக்குத் தெரியாது. நான் பிரசவம் பாக்குறவ, ஒரு நாளைக்கு நாலு குழந்தைக்குப் பேரு எழுதுறேன். எம் பிள்ளைகிட்ட இதை ஒளிச்சுவைக்க என்னால முடியாது. யாரையும் நான் காட்டிக்குடுக்கல, என்னைத்தான் சொல்றேன். தெரிஞ்சும் வேணும்னா தட்டை வைங்க. வேண்டாம்னா கோபமில்ல, சாப்பிட்டுட்டுப் போங்க."

ஒரு ஆடு பந்தலுக்குள் வந்து நின்று எல்லோரையும் பார்த்தது. மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், மாட்டினான், மறுபடி கழற்றினான். சித்தப்பா பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார்.

பின்வரிசையில் மாப்பிள்ளையின் பெரியத்தை இருந்தாள். எழுபது வயது, பெருத்த உடம்பு. பட்டுத் துணியும் புட்டிகளும் வைத்த பெரிய தட்டு அவள் மடியில்தான் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு மெதுவாக நடந்து வந்து ஜிஃபாவின் முன்னால் நின்றாள்.

"உங்க வீடு இன்னும் நிக்குதா?"

"நிக்குது" என்றாள் ஜிஃபா.

"எங்களுதைக் கடல் கொண்டுபோயிடுச்சு. முப்பத்திரண்டு வருஷம் ஆச்சு. சுவர், தரை, எல்லாம். அதுக்கு முன்னாடி எங்கம்மா வருஷா வருஷம் உள்ள போய்த் தண்ணி ஊத்துவா. இப்ப நான் கடற்கரையில நின்னு கடல்லயே ஊத்துறேன். தண்ணியில போய்த் தண்ணியை ஊத்தினா யாருக்குப் போய்ச் சேரும்னு எனக்குத் தெரியல பொண்ணே."

"அக்கா" என்றார் சித்தப்பா. "இதை எல்லாம் இங்க எதுக்கு..."

"நீ சும்மா இருடா. உனக்கும் அதே பாட்டிதான்."

தட்டைக் கீழே வைத்தாள். யாரோ பின்னால் சிரித்தார்கள், யாரோ அழுதார்கள், இரண்டையும் ஒரே ஆள் செய்தது மாதிரியும் இருந்தது. செலோம் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். மாப்பிள்ளை கணக்கு வாத்தியார் கண்ணாடி இல்லாமலே எழுந்து போய்த் தப்பாக ஜிஃபாவின் தோழியின் பக்கத்தில் நின்றான். அவனைத் திருப்பி விட்டார்கள்.

"அந்த வீட்டைப் பாக்கலாமா?" என்று பெரியத்தை அப்லாவியிடம் கேட்டாள்.

அப்லாவி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

ஊதாவும் பச்சையுமாக நூறு பேர் மத்தியான வெயிலில் சாலையில் போனோம். மாலை வரைக்கும் கூலி பேசிய மேளம் என்பதால் மேளக்காரர்களும் வாசித்துக்கொண்டே வந்தார்கள். மீன் காய வைக்கிற பெண் மீனை விட்டுவிட்டு வந்தாள். வழியில் செலோம் ஒரு வீட்டில் நுழைந்து சுரைக்குடுக்கையில் தண்ணீரோடு வந்தார்.

சரக்கறையில் நானும் செலோமும் அலமாரியை நகர்த்தி மூடியைத் தூக்கினோம். முதலில் அவர் இறங்கினார், பிறகு ஜிஃபா, பிறகு மாப்பிள்ளை. பெரியத்தை பாதியில் மாட்டிக்கொண்டாள். கீழே இருந்து செலோம் இழுக்க, மேலே இருந்து நான் தோளைப் பிடித்து அழுத்த, "மெதுவா, நான் மூட்டை இல்ல" என்று திட்டிக்கொண்டே இறங்கினாள். சித்தப்பா தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டே இருந்தார்கள். இந்த ஊர்க்காரர்கள் பலரும் யாருடைய முகத்தையும் பார்க்காமல் வரிசையில் நின்றார்கள். காய்ச்சலில் செத்துப்போன தம்பியும் இறங்கினான்.

உள்ளே தண்ணீர் மணலில் விழும் சத்தம் கேட்டது. பெரியத்தை ஏதோ பெயர்களைச் சொன்னாள். பெயர் தெரியாதவர்களுக்கு வெறுமனே "நீ" என்று சொன்னதாக ஜிஃபா பிறகு சொன்னாள்.

"மேல இன்னும் யாரு இருக்கா?" என்று கீழிருந்து பெரியத்தையின் குரல் கேட்டது.

அப்லாவி சரக்கறை வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். "நான்தான்" என்றாள். "வீட்டுக்காரி."

வாசலில் மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"வா. இடம் இருக்கு" என்றாள் பெரியத்தை.

அப்லாவி செருப்பைக் கழற்றினாள். படியைத் தாண்டி உள்ளே வந்தாள். மூடியின் விளிம்பில் உட்கார்ந்து, புதுத்துணியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, என் தோளை ஒருமுறை அழுத்திப் பிடித்தாள். பிறகு இறங்கினாள்.

மூடி தானாகச் சாய்ந்து விழுகிற மாதிரி செய்யப்பட்டது, நல்ல கனம். இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை வலித்தது. யாரும் மேலே வர அவசரப்படவில்லை.